கடைமடை வீடு

மதுராந்தகம் ஏரியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வருவது ராமர் கதைதான். 1790களில் செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். மழைக்காலந்தோறும் ஏரிக்கரை உடைந்துகொண்டிருந்தது. தாயாருக்குத் தனிச் சன்னதி கட்ட வேண்டும் என்று கோயில் அர்ச்சகர்கள் கேட்க, இந்த மழைக்குக் கரை உடையாமல் நின்றால் நானே கட்டித்தருகிறேன் என்று பிளேஸ் சொன்னாராம். அடைமழை இரவொன்றில் கரையைப் பார்க்கப் போனவர் கண்ணுக்கு, வில்லும் அம்புமாக இரண்டு பேர் காவல் நிற்பது தெரிந்ததாம். கரை நின்றது, சன்னதி எழுந்தது, சாமிக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர் வந்தது. ஜனகவல்லித் தாயார் சன்னதியில் பிளேஸின் பெயரைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள்.

பக்தியைச் சற்றுத் தள்ளிவைத்து இதை ஒரு பிரதியாகப் படித்துப் பார்க்கலாம். கலெக்டர், அர்ச்சகர்கள், ராமர், லட்சுமணர். கதையில் ஏதாவது செய்கிற எல்லோரும் ஆண்கள். வரும் ஒரே பெண்ணுக்குக் கிடைப்பது ஓர் அறை. கரை உடைந்தபோதெல்லாம் மண் கொட்டி அடைத்தது யார் என்பது கதைக்கு வேண்டாத விவரம். மண்வேலையில் வெட்டுவது ஆண், கூடை சுமப்பது பெண் என்பது நம் கிராமங்களின் பழைய வேலைப் பிரிவினை. நூறு நாள் வேலைத் திட்டம் 2006இல் தொடங்கி 2008க்குள் தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது, அதற்கு வந்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். பல ஆண்டுகளில் பத்துக்கு எட்டுப் பேர். வரத்துக் கால்வாயையும் குளத்தையும் தூர்வாரியதில் பெரும்பங்கு அவர்களுடையது.

நான் பேச வந்தது கிராமக் குடிநீர்த் திட்டங்களை வடிவமைக்கும் முறை பற்றி. ஏரிக்கதையை முதலில் எடுத்ததற்குக் காரணம், அந்தத் திட்ட அறிக்கைகளும் இதே அச்சில் வார்க்கப்பட்டவை என்பதுதான். நீரைக் கொண்டுவருபவர், காப்பவர், கணக்குப் போடுபவர் எல்லோருக்கும் அதில் பெயரும் பதவியும் இருக்கும். சுமப்பவளுக்கு மட்டும் ஒரு பத்தி இருக்காது.

ஏரி என்பது ஈர்ப்பு விசையால் இயங்கும் நீர் அமைப்பு. மேட்டில் தேக்கி வைக்கிறோம். மதகைத் திறந்தால் பள்ளத்தை நோக்கித் தானே ஓடுகிறது. இரண்டாயிரம் ஏக்கருக்கும் மேல் பரந்த மதுராந்தகம் ஏரி பம்பு இல்லாமல்தான் நூற்றாண்டுகளாகச் சுற்றியுள்ள ஊர்களின் வயலுக்குப் பாய்ந்தது. தானாக ஓடும் நீர் யாருக்கு முதலில், எவ்வளவு நேரம் என்பதை மட்டும் ஈர்ப்பு விசை முடிவு செய்வதில்லை. மதுராந்தகத்துக்கு வடமேற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிறது உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட அதன் கல்வெட்டுகளைத் தமிழ் ஜனநாயகத்தின் சான்றாகப் பள்ளிப் பாடத்திலேயே படிக்கிறோம். குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. அதில் உட்காரத் தகுதி என்ன? வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி. இப்படி வடிகட்டினால் மிச்சம் யார் என்று விளக்க வேண்டியதில்லை. மதகைத் திறந்து மூடும் கைகள் வேறு. பல ஊர்களில் நீர்க்கட்டி என்று அழைக்கப்பட்ட அந்தப் பணியாளர்கள் பெரும்பாலும் தலித் ஆண்கள். முடிவு ஓரிடம், உழைப்பு இன்னோரிடம் என்ற பிரிவு குழாய்க் காலத்துக்கும் அப்படியே வந்து சேர்ந்தது.

வயல் பாசனம் நமக்குக் கொடுத்த நல்ல சொல் ஒன்று உண்டு: கடைமடை. மேட்டூர் அணையைத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்பது செய்தி. சேராவிட்டால் மறியல் நடக்கும், அமைச்சர் பதில் சொல்வார். குடிநீர்க் குழாய்க்கும் கடைமடை இருக்கிறது. கிளைக் குழாயின் கடைசி முனையில் இருக்கும் வீடு அது. அங்கே தண்ணீர் போய்ச் சேராவிட்டால் அது செய்தி ஆவதில்லை. அந்த வீட்டுப் பெண் குடத்தை எடுத்துக்கொண்டு முன்தெருவுக்கு நடப்பாள்; திட்டத்தின் குறை அவள் காலில் சரிசெய்யப்பட்டுவிடும். ஒவ்வொரு நாளும் சரிசெய்யப்படுவதால் வெளியே தெரிவதும் இல்லை.

நீலகிரியிலோ கொல்லிமலையிலோ என்றால் மேலே இருக்கும் ஊற்றிலிருந்து குழாய் போட்டு ஊருக்கு இறக்கலாம். மதுராந்தகம் பக்கம் தட்டை நிலம். அதனால் போர்வெல்லிலிருந்தோ பாலாற்றுப் படுகைக் கிணற்றிலிருந்தோ பம்பு போட்டு ஏற்றி, தூண்கள் மேல் ஒரு தொட்டியில் நிறுத்துகிறோம். மலை இல்லாத ஊருக்கு நாமே கட்டிக்கொண்ட மலை அது. அங்கிருந்து வீடு வரை வேலை செய்வது ஈர்ப்பு விசைதான். 30,000 லிட்டர் தொட்டி என்றால், இன்றைய விதிப்படி ஆளுக்கு ஒருநாளைக்கு 55 லிட்டர் வீதம் சுமார் 545 பேருக்குப் போதும். தொட்டி 12 மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த 12 மீட்டர்தான் வடிவமைப்பாளர் கையிலுள்ள மொத்த முதல். குழாயில் ஓடும்போது உராய்வு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். கடைசிக் குழாயில் மிஞ்சுகிற உயரமே அங்குள்ள அழுத்தம்.

இதுவரை எல்லாம் சரி. கணக்கு குழாய் வாயோடு முடிந்துவிடுவதுதான் சிக்கல். குழாய் பெரும்பாலும் வாசல் பக்கம் ஒரு சிமென்ட் தூணில் நிற்கிறது. அங்கிருந்து அடுப்படிக்கும், குளியல் மறைப்புக்கும், மாட்டுத் தொட்டிக்கும் நீர் போக வேண்டுமே, அந்தத் தூரத்துக்கு எந்த அறிக்கையிலும் ஒரு வரி கிடையாது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். ஒரு பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்றால் 18 குடத்துக்கு மேல், 275 கிலோ எடை. இடுப்பில் குடத்தோடு நடந்துவரும் பெண் தமிழ் சினிமாவுக்கு எத்தனையோ பாட்டுகளில் அழகாகத் தெரிந்திருக்கிறாள்; அந்தக் குடத்தை யாரும் நிறுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பள்ளிக்கூட இயற்பியலில் இன்னும் வேடிக்கை. விசையின் திசையில் இடப்பெயர்ச்சி இருந்தால்தான் வேலை. தலையில் சுமையோடு சமதரையில் நடப்பவர், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை பூஜ்யம் என்று மாணவர்களுக்கு எடுத்துக்காட்டோடு சொல்லித்தருகிறோம். சூத்திரப்படி அது சரியே. அதே சூத்திரத்தைப் படித்துவிட்டுப் பொறியாளர் ஆனவர், பம்பு தொட்டிக்கு ஏற்றும் ஒவ்வொரு மீட்டருக்கும் மின்சாரச் செலவு எழுதுகிறார். பம்புக்கு மீட்டர் உண்டு, பில் உண்டு, பழுதானால் மாற்று பம்பு உண்டு. 2019இல் இந்தியாவில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலை செய்த பெண்கள் அதற்குச் செலவிட்ட நேரம் நாளொன்றுக்கு சராசரி 299 நிமிடம். அந்த வேலையில் கைவைத்த ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அப்படிக் கைவைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். வாசலிலிருந்து அடுப்படி வரை போன பூஜ்யம் எல்லாம் இந்த 299க்குள் எங்கோ கிடக்கிறது.

பழைய விதிகளைப் புரட்டினால் இந்த மறதிக்கு வயது அதிகம் என்று தெரியும். மத்திய அரசின் துரிதக் கிராமக் குடிநீர்த் திட்டம் 1972-73இல் வந்தது. பல ஆண்டுகள் அதன் அளவுகோல் இதுதான்: ஆளுக்கு 40 லிட்டர், 250 பேருக்கு ஓர் அடிபம்பு அல்லது தெருக்குழாய், சமவெளியில் 1.6 கிலோமீட்டருக்குள், மலையில் 100 மீட்டர் உயர வேறுபாட்டுக்குள் நீர் ஆதாரம். மூன்றையும் ஒன்றாக வைத்து ஒரு பென்சிலோடு உட்காருங்கள். ஐந்து பேருக்கு 200 லிட்டர், 14 குடம். தலையில் ஒன்று இடுப்பில் ஒன்று என்றாலும் 7 நடை. போக வர 3.2 கிலோமீட்டர் வீதம் 22 கிலோமீட்டருக்கு மேல். மதுராந்தகத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகிற தூரம் கிட்டத்தட்ட. விதியின் எல்லைக்கோட்டில் வாழ்ந்த குடும்பம் விதி சொன்ன 40 லிட்டரைப் பெற வேண்டுமானால் ஒருத்தி நாள்தோறும் அவ்வளவு நடந்திருக்க வேண்டும். அதில் பாதி சுமையோடு. அடிபம்பு இன்னொரு விதம். 250 பேருக்கு 10,000 லிட்டர். அது நிமிடத்துக்குச் சுமார் 12 லிட்டர் கொடுக்கும். இடைவிடாமல் ஏறக்குறைய 14 மணிநேரம் யாராவது அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த எண்களை எழுதியவர்களுக்குப் பெருக்கல் தெரியாமல் இருந்திருக்காது. பெருக்கிப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்த 40 லிட்டரைப் பிரித்த விதம் இன்னும் சுவாரசியமானது. குடிக்க 3, சமைக்க 5, குளிக்க 15, பாத்திரமும் வீடும் கழுவ 7, கால்கழுவ 10. கூட்டினால் சரியாக 40. துணி துவைக்கும் நீர் இதில் எங்கே? மாதவிலக்குத் துணி அலசுவதற்கு? பிள்ளை பெற்றவள் இருக்கிற வீட்டுக்கு, படுக்கையில் கிடக்கும் மாமியாரைச் சுத்தம் செய்கிற வீட்டுக்கு? பாலைவனப் பகுதிகளில் கால்நடைகளுக்காக ஆளுக்கு 30 லிட்டர் கூடுதலாக ஒதுக்க அதே விதியில் இடம் இருந்தது. மாட்டுக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. மாட்டை நினைவு வைத்திருந்தவர்களுக்கு மாதவிலக்கு ஏன் நினைவுக்கு வரவில்லை என்பதுதான் கேள்வி. 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் வீட்டுக்கொரு குழாய் என்றது. ஆளுக்கு 55 லிட்டர் என்றது. தெருவில் நின்ற குழாயை வீட்டு எல்லைக்குள் கொண்டுவந்தது பெரிய மாற்றம். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 55ஐப் பெறும் அந்த ‘ஆள்’ இன்னமும் உடல் இல்லாத ஆள்.

குழாய் வந்த ஊர்களில் குழியும் வந்தது. பார்க்காதவர்கள் குறைவு. அழுத்தம் போதாத தெருவில் வீட்டு வாசலில் ஒரு பள்ளம் தோண்டி, தூணில் இருக்க வேண்டிய குழாயைத் தரைக்குக் கீழே தாழ்த்தியிருப்பார்கள். இதன் கணக்கு எளிது. மிஞ்சியிருப்பது அரை மீட்டர் அழுத்தம் என்றால், குழாயை ஒரு மீட்டர் கீழே இறக்கும்போது அது ஒன்றரை மீட்டர் ஆகிவிடும். திட்டம் கொடுக்காத உயரத்தை மக்கள் மண்ணைத் தோண்டி எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தக் குழிக்குள் இறங்கிக் குனிந்து நின்று, நிரம்பிய குடத்தை மார்பு வரை தூக்கி மேலே வைப்பது யார்? கர்ப்பிணியாக இருந்தாலும், இடுப்புவலியாக இருந்தாலும் அந்த ஒரு மீட்டரை அவள்தான் ஏற்ற வேண்டும். இப்போது இயற்பியல்கூட அதை வேலை என்று ஒப்புக்கொள்ளும். நீர் விடாத நேரத்தில் குழியில் சாக்கடையும் மழைத்தண்ணீரும் தேங்கும். குழாய் வெறுமையாகும்போது அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவளும் அவளே. குழாயைத் தாழ்த்துவது சட்டவிரோதம் என்று எச்சரிக்கை ஒட்டுகிறார்கள். மோட்டார் வைத்து உறிஞ்சும் வசதியான வீடுகளைத் திட்டுவதில் நியாயம் உண்டு. குழி தோண்டிய வீட்டை அதோடு சேர்த்துத் திட்டுவதில் இல்லை.

ஏன் அழுத்தம் போதவில்லை? மக்கள் வீணடிக்கிறார்கள் என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். குழாயின் இயல்பைப் பார்த்தால் வேறு பதில் கிடைக்கிறது. ஒரே குழாயில் ஓட்டம் இரண்டு மடங்கானால் உராய்வு இழப்பு ஏறக்குறைய மூன்றரை மடங்காகிறது. உள்விட்டம் பாதியானால் இழப்பு கிட்டத்தட்ட 30 மடங்கு. நாளெல்லாம் மெல்ல ஓட வேண்டிய நீரை ஒருமணி நேரத்துக்குள் திறந்து மூடினால், எல்லா வீடும் ஒரே நேரத்தில் பிடிக்கும். ஓட்டம் பல மடங்காகும். தொட்டியின் 12 மீட்டரும் முன்தெருவிலேயே தீர்ந்துபோகும். கடைசித் தெருவில் செலவைக் குறைக்கச் சின்ன பைப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அதாவது எத்தனை மணிநேரம் வால்வு திறந்திருக்கும் என்பது நிர்வாக விஷயமாகத் தோன்றினாலும், அது வடிவமைப்பின் இதயம்.

அந்த நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? மின்சாரம் எப்போது வருகிறது, டேங்க் ஆபரேட்டர் எப்போது வருகிறார் என்பவை. சொற்பச் சம்பளத்தில் ஐந்தாறு வால்வுகளைத் திருப்பிக்கொண்டு சைக்கிளில் திரியும் ஆபரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் காலை ஆறரைக்கு வருமா எட்டுக்கு வருமா என்று தெரியாத தண்ணீருக்காக ஒருத்தி வேலைக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறாள், அல்லது பெண் குழந்தையைக் குடத்தோடு நிறுத்திவிட்டுப் போகிறாள். காத்திருக்கும் நேரத்துக்கு லிட்டர் கணக்கில் இடமில்லை. ஆளுக்கு 55 லிட்டர் கொடுத்தாயிற்று என்று பதிவேடு சொல்லும். தொட்டியிலிருந்து வெளியேறிய அளவை மக்கள்தொகையால் வகுத்தால் வரும் எண் அது. முன்தெருவில் நூறும் கடைத்தெருவில் பத்தும் கிடைத்தாலும் சராசரி 55 ஆகலாம்.

கடைத்தெரு எது என்பதும் தற்செயல் கிடையாது. ஊர் என்றும் காலனி என்றும் பிரிந்துகிடக்கும் கிராமத்தில் தொட்டியை எங்கே வைப்பது, பிரதான குழாய் எந்தத் தெரு வழியாகப் போவது என்று முடிவாகும்போதே யார் தலைமடை, யார் கடைமடை என்பது எழுதப்பட்டுவிடுகிறது. வரைபடத்தில் அது வெறும் முனை எண். சில இடங்களில் காலனிக்குத் தனித் தொட்டி கட்டிக்கொடுத்துவிடுவார்கள். அழுத்தக் குறைவு தீரும், கூடவே ஒரே நீரைப் பகிர வேண்டிய தேவையும் தீர்ந்துபோகும். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் 2022 டிசம்பரில் மலம் கலந்திருந்தது தெரியவந்தபோது, இன்னாருடைய தொட்டி என்று அடையாளம் குத்தி ஒரு தொட்டியை நிறுத்தினால் அது எதற்கெல்லாம் இலக்காகும் என்று நாடு பார்த்தது. அந்தத் தண்ணீரில் சோறு பொங்கியதும் குழந்தைக்குப் புகட்டியதும் பெண்களின் கை. பெண்களுக்கு நீர்ச்சுமை என்று பொதுவாகப் பேசும் பெண்ணியம் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் சுமையும் காலனிக் கடைசி வீட்டுப் பெண்ணின் சுமையும் ஒரே எடை அல்ல.

1992 ஜனவரியில் டப்ளினில் கூடிய சர்வதேச மாநாடு, நீரை வழங்குவதிலும் நிர்வகிப்பதிலும் பாதுகாப்பதிலும் பெண்களுக்கு மையப் பங்கு உண்டு என்று அறிவித்தது. அதன் சாயல் இன்று நம் ஊர் வரை வந்திருக்கிறது. ஜல் ஜீவன் விதிப்படி கிராமக் குடிநீர்க் குழுவில் 10 முதல் 15 பேர், அதில் பாதி பெண்கள். நீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையாள ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீடு செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2016இல் வந்தது. அதன்படி செங்கல்பட்டு மாவட்ட ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில் தேர்தல் நடந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டின் தகுதிப் பட்டியலோடு ஒப்பிட்டால் இது சாதாரண தூரமில்லை. ஆனாலும் அந்தப் பெண்கள் குழுவுக்கு வரும்போது தொட்டி நிற்க வேண்டிய இடம், பைப்பின் விட்டம், தெருக்களின் வரிசை எல்லாம் பெரும்பாலும் மதிப்பீட்டில் முடிந்திருக்கும். மிச்சமிருப்பது தீர்மானத்தில் கையெழுத்தும், குளோரின் இருக்கிறதா என்று நிறம் பார்ப்பதும், வீடுவீடாகப் போய்த் தண்ணீர்க் கட்டணம் கேட்பதும். ஏற்கெனவே 299 நிமிடம் உழைப்பவளுக்கு இன்னும் கொஞ்சம் ஊதியமில்லாத வேலை சேர்கிறது, பங்கேற்பு என்ற பெயரில்.

இந்த விமர்சனத்தைப் பொறியியலுக்கு எதிரானதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாணவிகள் யாராவது சிவில் படித்துக்கொண்டிருந்தால் இதை ஒரு வடிவமைப்புப் பயிற்சியாகவே செய்து பார்க்கலாம். தொட்டியிலிருந்து கணக்கைத் தொடங்காமல் கடைசி வீட்டின் அடுப்படியிலிருந்து தொடங்குங்கள். அங்கே குழாய் எந்த உயரத்தில் இருந்தால் குனியாமல் குடம் வைக்கலாம்? அந்த உயரத்தில் எவ்வளவு அழுத்தம் மிஞ்ச வேண்டும்? அதிலிருந்து பின்னோக்கி வந்தால் கடைத்தெருப் பைப்பின் விட்டம், வால்வு திறந்திருக்க வேண்டிய நேரம், தொட்டியின் உயரம் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். முனையை அறுந்த வாலாக விடாமல் பக்கத்துக் கிளையோடு வளையமாக இணைத்தால் இரண்டு பக்கமிருந்தும் நீர் வரும்; அதற்கு ஆகும் கூடுதல் பைப்பின் விலையை, நடையின் விலையோடு வைத்துப் பாருங்கள். எந்தத் தெருவில் நீர் முதலில் நிற்கிறது, எந்த வாசலில் மழைத்தண்ணீர் தேங்குகிறது என்பதை லெவல் கருவி வருவதற்கு முன்பே சொல்லக்கூடியவர்கள் அங்கே வாசல் தெளிக்கும் பெண்கள். அந்த விவரத்தைக் கேட்டு வாங்க ஒரு மத்தியானம் போதும். அவர்கள் வேலைக்குப் போகாத மத்தியானமாக இருக்க வேண்டும்.

சோதனைக்கும் ஓர் அளவு சொல்ல முடியும். ஐந்து பேர் வீட்டுக்கு 275 லிட்டர், ஒருமணி நேரம் மட்டுமே விநியோகம் என்றால், நிமிடத்துக்கு 4.6 லிட்டர் வர வேண்டும். 15 லிட்டர் குடம் மூன்றேகால் நிமிடத்தில் நிரம்ப வேண்டும். இரண்டு மணிநேரம் விட்டால் ஆறரை நிமிடம். திட்டம் முடிந்தது என்று கையெழுத்துப் போடுவதற்கு முன், ஒரு காலை நேரத்தில், தெருவில் எல்லாக் குழாயும் திறந்திருக்கும்போது, கடைமடை வீட்டில் குடத்தை வைத்து நேரம் பார்க்கலாம். எத்தனை நிமிடம் என்பதை அந்த வீட்டுப் பெண் பதிவேட்டில் எழுதட்டும். எழுதியதை அடுத்த மாதமும், சித்திரையிலும் அவளே சரிபார்க்க, வால்வுச் சாவியில் ஒன்று அந்தத் தெருவிலும் இருக்கட்டும்.